மூன்று நாளும் ஒரே மழை

கணினி நிலையங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சியின் கடைசி நாளில் வந்து பேசும்படி என்னைக் கேட்டார்கள். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு வாய் வராது. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். உங்களில் சத்தமாக வாசிக்கக்கூடிய ஒருவர் இதை வாசிக்கட்டும்.

ப்ராக்ஸி என்றால் என்ன, அதை எங்கே அமைப்பது என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஒரு ப்ராக்ஸி இரண்டு நாள் எங்களை ஏமாற்றியது, அதை எப்படிப் பிடித்தோம், பிடிப்பதற்கு முன்னால் எதைச் செய்தோம் என்று சொல்ல என்னால் முடியும். அது உங்களுக்கு உதவும்.

முதலில் மழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் கெட்டுப்போனதும் தோட்டத்து ஆபீசுக்கு மாற்றினார்கள். கூட்டுவது, தேநீர் ஊற்றுவது, கடிதம் கொண்டுபோவது, இவற்றோடு இன்னொரு வேலையும் இருந்தது. விடியற்காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு தொடங்கும் முன்னால், மேட்டில் இருக்கும் மழைமானியைப் பார்த்து அளவைக் கணக்குப் பதியும் பெரிய கிளாக்கரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் பனிமூட்டமும் அட்டையுமாக இருந்தது. நான் மேட்டுக்கு ஏறவில்லை. முதல் நாள் சொன்ன அளவையே சொல்லிவிட்டேன். கிளாக்கர் எழுதினார். எழுதிவிட்டு மேல் வரியைப் பார்த்தார்.

"நேத்தும் இதே அளவுதானே?"

"ஆமாங்க."

"ராத்திரி பூரா தகரம் அதிர்ந்துச்சு. நேத்து மாதிரியேதான் பெஞ்சிருக்கா?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். அவரே அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தார். நான் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது. வழியெல்லாம் திட்டவில்லை. ஆபீஸ் வாசலில் குடையை உதறும்போது சொன்னார்: "பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லு. அந்த எடத்துல நான் ஒரு கோடு போட்டு விட்டுருவேன். கோட்டப் பாத்தா, இன்னைக்கு எதுவும் தெரியலன்னு எல்லாருக்கும் வெளங்கும். நேத்து கணக்க எழுதி வச்சா, தெரியும்னு நெனச்சிருவாங்க."

அந்த மனிதர் எனக்கு வேறெதுவும் கற்றுத் தரவில்லை. ஆனால் இந்த ஒன்று எனக்குள் இறங்கிவிட்டது. இரண்டு நாள் ஒரே அளவு மழை பெய்தது என்று யார் சொன்னாலும் எனக்கு மேட்டுக்கு ஏறிப் பார்க்கத் தோன்றும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பெரகலச் சந்தியில், கடைகளுக்கு மேலே ஓர் அறையில், கணினி நிலையம் திறந்தார்கள். நான் அங்கே உதவியாளராகச் சேர்ந்தேன். அறையைத் திறப்பது, கணினிகளைத் தூசி தட்டி இயக்குவது, மாலையில் அணைத்துப் பூட்டுவது என் வேலை. நிலையத்தை அமைத்தவர் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர், நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். பதுளையில் பாடம் எடுத்துவிட்டு வாரக் கடைசியில் பஸ்ஸில் வருவார்.

அப்போது எங்களுக்கு இருந்தது ஒரே தொலைபேசி வயர். அதில் ஒரு கணினிதான் வெளியே போக முடியும். ஆகவே சேர், மூலையில் இருந்த முதல் கணினியில் வயரைச் செருகி அதை இடையாளாக வைத்தார். மற்றக் கணினிகள் இணையத்தில் எதைக் கேட்டாலும் மூலைக் கணினியிடம்தான் கேட்கும். அது போய் வாங்கி வந்து கொடுக்கும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தோட்டத்தை நடத்தும் துரையிடம் நேரே போய் எதைக் கேட்டிருக்கிறோம்? கங்காணியிடம் சொல்வோம், அவர் போய்க் கேட்டு வந்து சொல்வார். ப்ராக்ஸி என்பது அந்தக் கங்காணிதான்.

சேர் இன்னொரு வசதியும் செய்து வைத்தார். மழை நாட்களில் தொலைபேசி அடிக்கடி செத்துப் போகும். அப்படிச் செத்துப் போனால், மூலைக் கணினி கடைசியாக வாங்கி வைத்த பக்கத்தின் நகலை எடுத்துக் கொடுக்கும். ஒன்றுமில்லாமல் திரும்பிப் போக வேண்டாம் என்று நல்ல மனதோடு செய்ததுதான்.

பிறகு சேருக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. அவர் இடத்துக்கு ஹல்துமுல்லையிலிருந்து சுகந்தி வந்தாள். உயர்தரம் முடித்து, கணினி வகுப்பும் படித்தவள். வாயும் கையும் சேர்ந்து வேலை செய்யும். ஒரு மாதத்துக்குள் பைத்தன் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினாள். அது காலையிலும் மதியத்திலும் மாவட்ட மழைப் பக்கத்தை இணையத்திலிருந்து எடுக்கும். எங்களைச் சுற்றியுள்ள இடங்களின் மழை அளவையும் மண்சரிவு எச்சரிக்கையின் நிறத்தையும் தமிழில் ஒரு தாளில் அச்சடிக்கும். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் சரிவுக்குக் கீழே இருப்பவர்கள் இடம் மாற வேண்டும். தாளை வாசல் பலகையில் நான் குத்தி வைப்பேன். மஞ்சளோ சிவப்போ வந்தால் தோட்டப் பிரிவுகளுக்குத் தொலைபேசியில் சொல்வோம். தோட்டங்களில் பலர் வானொலியைவிட எங்கள் தாளை நம்பினார்கள். அதில் எனக்குப் பெருமை.

அந்த ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை புதிய இணைப்புப் போட வந்தார்கள். வந்தவர் மளமளவென்று வேலை செய்தார். எல்லாக் கணினிகளுக்கும் புது வயர் இழுத்தார். ஒவ்வொரு உலாவியிலும் இருந்த ப்ராக்ஸி அமைப்பை எடுத்துவிட்டு, நேரே வெளியே போகும்படி செய்தார். மூலைக் கணினியின் தொலைபேசி வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார், மற்றக் கணினிகளோடு அதைச் சேர்க்கும் வயரைத் தொடவில்லை. இனி அந்தப் பெட்டி தேவையில்லை என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் அப்போது அவருக்குத் தேநீர் வாங்கக் கீழே போயிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வழக்கம்போல மூலைக் கணினியை முதலில் இயக்கினேன். சில நாட்களுக்கு முன்புதான் சரஸ்வதி பூசைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தோம். முதல் கணினி என்பதால் அதற்குத்தான் முதல் பொட்டு. தொலைபேசி வயர் இல்லாமல் கிடப்பதைப் பார்த்தேன். பொட்டு வைத்த சாமானைப் பொட்டு அழியும் முன்னே இருட்டில் போட மனம் வரவில்லை. அணைத்து வைக்கலாமா என்று சுகந்தியைக் கேட்டிருக்கலாம். கேட்கவும் கூச்சமாக இருந்தது. மின்சாரம்தானே, ஓடட்டும் என்று விட்டேன். என் பிழை அதுதான். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. எதிர்க் கடையின் பெயர்ப்பலகை தெரியவில்லை. சுகந்தி நிரலை ஓட்டினாள், தாள் வந்தது. எங்கள் பக்கம் பச்சை. வாசல் பலகையில் செவ்வாய்த் தாளுக்கு மேலே குத்தப் போன நான் நின்றுவிட்டேன். முப்பத்தெட்டரை மில்லிமீட்டர். செவ்வாய்த் தாளிலும் முப்பத்தெட்டரை. அதைத் தூக்கித் திங்கள் தாளைப் பார்த்தேன். அதிலும் அதேதான்.

சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். படித்த பிள்ளை எழுதிய நிரல், நான் போய் என்ன சொல்வது? ஆனால் கால் தானாகத் திரும்பியது.

"சுகந்தி, இந்தத் தாளு பழசும்மா."

"இல்ல பெரியம்மா, இப்பதான் எடுத்தேன். சூடு கூட ஆறல."

"தாளு சூடாத்தான் இருக்கு. மழை பழசு. மூணு நாளும் ஒரே அளவு."

அவள் சிரித்தாள். "ஒரே அளவு பெய்யக் கூடாதுன்னு சட்டமா?"

"பெய்யாது."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"நானே ஒருக்கா அப்படிப் பொய் சொல்லியிருக்கேன்."

அதற்கு மேல் அவள் சிரிக்கவில்லை. அதே கணினியில் உலாவியைத் திறந்து அதே முகவரியைத் தட்டினாள். பக்கம் வந்தது. எங்கள் இடத்துக்கு நேரே நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். நிறம் சிவப்பு.

ஒரே கணினி, ஒரே முகவரி, இரண்டு பதில்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கவனியுங்கள். சுகந்தியின் கை உடனே நிரலுக்குப் போனது. "நான் எங்கயோ பிழை விட்டுட்டேன், அஞ்சு நிமிசம் பொறுங்க, கண்டுபிடிச்சிர்றேன்" என்றாள். நல்ல வேலைக்காரர்கள் எல்லோருக்கும் வரும் ஆசை அது. நான் அவள் கையைப் பிடித்தேன். அதற்கு முன் நான் யாருடைய கையையும் பிடித்து நிறுத்தியதில்லை.

"பிழை எங்கயும் ஓடாது. முதல்ல போனப் போடு."

சரிவுக்கு நேர் கீழே இருந்தது, ஒரு பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் கடைசி லயம். வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் அறை, பின்னால் செங்குத்தான மண் மேடு. அங்கே கைத்தொலைபேசி வைத்திருந்தவள் ராக்கம்மா. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு அவள்தான் பொறுப்பு. அவள் வீடும் அந்த லயத்தில்தான். நானும் அவளும் ஒரே நிரையில் கொழுந்து பறித்தவர்கள்.

"யாரு?"

"நான்தான் ராக்கு, செல்லாயி."

"என்னா புள்ள இந்த நேரத்துல? பால் கரைச்சிக்கிட்டு இருக்கேன்."

"சிவப்பு வந்திருக்கு. லயத்தக் காலி பண்ணனும்."

"நேத்து பலகைல பச்சைன்னீங்க."

"நேத்து சொன்னது பிழை. எங்க பிழை. இப்ப சொல்றது சரி."

அந்தப் பக்கம் பால் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "இந்தா பாரு, நான் சொன்னா எவ கேப்பா? கங்காணி கொழுந்து மலைக்குப் போயிட்டாரு. ஆர்டர் போடுற ஐயா பதுளைக்குப் போயிருக்காரு. ஆர்டர் இல்லாம லயத்தக் காலி பண்ணுன்னா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு கேப்பாளுக. ஒன்னையச் சொல்ல மாட்டாளுக, என்னையத்தான் சொல்லுவாளுக."

அவள் சொன்னது உண்மை. உத்தரவு வரும் வழியில் அன்று யாரும் இல்லை. பெரியவர்களை எழுப்பிக் கிளப்ப அவளால் முடியாது, என்னாலும் முடியாது. அவளால் என்ன முடியும் என்று யோசித்தேன்.

"ராக்கு, மடுவத்துல எத்தன புள்ளைங்க?"

"ஒம்போது."

"அதுங்கள நீ எங்க வச்சிப் பாத்துக்கணும்னு யாருகிட்டயாவது கேக்கணுமா?"

"நான் எதுக்குக் கேக்கணும்?"

"அப்ப அதுங்களத் தூக்கிக்கிட்டு மேல பள்ளிக்கூடத்துக்குப் போ. பத்து மணிக்குத் தாய்மாருங்க பால் கொடுக்க வருவாங்கல்ல? பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி அனுப்பு. புள்ள எங்கயோ அங்க தாய் வந்துருவா. தாய் போன எடத்துக்கு மத்தது எல்லாம் பின்னாலயே வரும்."

"கோழி இருக்கு. கூடைல போட்டுக்கிட்டு..."

"கோழி வேணாம். புள்ளைங்கள மட்டும் எடு. திரும்பி யாரும் லயத்துக்குள்ள போகக் கூடாது. சொல்லிட்டேன்."

"ரொம்பத்தான் துரைச்சாணி மாதிரி பேசுற" என்று வைத்துவிட்டாள்.

மற்றப் பிரிவுகளுக்கும் சுகந்தி வரிசையாகச் சொல்லி முடித்தாள். அதன் பிறகுதான் கணினிப் பக்கம் திரும்பினோம்.

சுகந்தி நிரலை வரி வரியாகப் பார்த்தாள். அதில் பிழை இல்லை. திரும்ப ஓட்டினாள். மறுபடியும் முப்பத்தெட்டரை, பச்சை. "பக்கம் மாறிருச்சு, இது மட்டும் பழச எங்கிருந்து எடுக்குது?" என்று தலையில் கை வைத்தாள். அப்போதுதான் நான் மூலையைப் பார்த்தேன். மூலைக் கணினியின் சிறு விளக்கு, நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் மினுங்கியது. வெளி வயர் இல்லாத பெட்டிக்கு என்ன வேலை?

"சுகந்தி, அத நான் ரெண்டு நாளா ஓட விட்டிருக்கேன்" என்றேன். "அணைக்கச் சொன்னது எனக்குத் தெரியாது. வயர் இல்லாததப் பாத்தேன், கேக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். "நானும்தானே சொல்ல மறந்துட்டேன்" என்றாள்.

நான் போய் மூலைக் கணினியை அணைத்தேன். அவள் நிரலை ஓட்டினாள். இந்த முறை தாள் வரவில்லை. கட்டளை தட்டும் கறுப்புச் சன்னல் முழுக்க ஆங்கிலத்தில் பிழை. "போச்சு. இருந்ததும் போச்சு" என்றாள்.

எனக்கு மட்டும் நெஞ்சு லேசானது. பெரிய கிளாக்கர் சொன்ன கோடு அதுதான். நிரல் இப்போது 'எனக்குத் தெரியாது' என்று உண்மையைச் சொல்கிறது. இதுவரை யாரிடம் கேட்டுக்கொண்டிருந்தது என்பதும் தெரிந்துவிட்டது. உலாவி நேரே வெளியே போகிறது, நிரல் மட்டும் இன்னும் பழைய கங்காணியிடம் போகிறது, வெளியே போக முடியாத அது திங்கட்கிழமை வாங்கி வைத்த நகலையே கொடுத்திருக்கிறது. போகச் சொன்னது யார்?

வவுனியாவுக்கு, சேருக்குத் தொலைபேசி எடுத்தோம். சேர் வகுப்பிலிருந்து வெளியே வந்து பேசினார். சுகந்தி பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சொன்னாள்.

"தங்கச்சி, ஆறுதலாச் சொல்லுங்கோ. உலாவியில சரியா வருது, பைத்தனில வரேல்லை, அப்பிடித்தானே? அப்ப சூழல் மாறியைப் பாருங்கோ, எல்லா நிரலுக்கும் பொதுவாக் கணினி வைச்சிருக்கிற குறிப்பு அது. உலாவிக்கு அமைப்பு ஒரு இடத்தில இருக்கும். பைத்தன் ஆளைக் கேக்காமல் சூழல் மாறியில ப்ராக்ஸி எண்டு ஏதும் கிடக்கோ எண்டு பாத்து, கிடந்தால் அதுக்குள்ளாலதான் போகும். நிரலுக்கை எவ்வளவு தேடினாலும் அதைக் காண மாட்டியள்."

"எங்க சேர் இருக்கும்?"

"கறுப்புச் சன்னலில எல்லா மாறியையும் காட்டச் சொல்லிப் பாருங்கோ."

திரை நிறைய வரிகள் ஓடி நின்றன. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, ஆனால் எண்கள் வரும். மூலைக் கணினியைத் தினமும் துடைத்தவள் நான். அதன் நெற்றியில் சேர் ஒட்டிய சீட்டில் இருக்கும் எண்கள் எனக்கு மனப்பாடம். நடுவில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன். "இது அந்தப் பெட்டியோட நம்பரு."

அந்த வரியைச் சுகந்தி வாசித்துக் காட்டியதும் சேர் உடனே சொன்னார்: "அது நான் எழுதினதுதான் அம்மா. காலமை நீங்கள் கறுப்புச் சன்னலைத் திறக்கிற தொடக்கக் கோப்பிலதான் அதை வைச்சனான். போகேக்கை சொல்லாமல் வந்திட்டன். அழியுங்கோ. அழிச்சுப்போட்டு அந்தச் சன்னலை மூடித் திருப்பித் திறவுங்கோ. திறந்து கிடக்கிறது பழசைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கும்."

அழித்தோம். சன்னலை மூடித் திறந்தோம். நிரல் ஓடியது. நூற்றுப் பத்தொன்பது, சிவப்பு. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் மழை ஏறியிருந்தது.

வைப்பதற்கு முன் சேர் இன்னொன்று சொன்னார்: மழைப் பக்கம் எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்பதையும் தாளில் அச்சடிக்க வேண்டும், பழையதானால் நிறமே போடக் கூடாது. சுகந்தி அன்றே அதைச் செய்தாள். நீங்கள் இப்போது ஓட்டும் நிரல்களிலும் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே சேருங்கள்.

இதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை, ஒரே கணினியில் இரண்டு பதில் வந்த பல சிக்கல்களைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்டேன்: இது எந்த வாசலால் போகிறது, அது எந்த வாசலால் போகிறது? பெரும்பாலும் யாரோ நல்ல மனதோடு வைத்துவிட்டு, போகும்போது சொல்லாமல் போன ஒரு வரிதான் அகப்படும். அதை வைத்தவரைத் திட்டாதீர்கள். நீங்கள் வைக்கும் வரியை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நிலையத்தைக் கூட்டித் துடைப்பவருக்கும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவராக வந்து கேட்க மாட்டார்.

அன்று பிற்பகல் மழை கொஞ்சம் விட்டபோது, அந்த லயத்தின் பின்மேடு இறங்கியது. பெரிய சத்தம் இல்லையாம். கடைசி நாலு காம்பராவின் சமையல் கட்டுகளை இடித்துக்கொண்டு, அடுப்புக்கு மேலே மண் நின்றது. ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். குழந்தைகள் போன இடத்துக்குத் தாய்மாரும், தாய்மாரைத் திட்டிக்கொண்டே மற்றவர்களும் போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ராக்கம்மா நிலையத்துக்கு வந்தாள். படியேறும்போதே குரல் வந்துவிட்டது. சுகந்தி எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். ராக்கம்மா உட்காரவில்லை.

"ஏழு கோழி செல்லாயி. ஏழு. ரெண்டு அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு. கூடைய எடுத்து மூடுனா அஞ்சு நிமிசம் ஆகியிருக்குமா? அதுக்குள்ள ஒனக்கு என்னா அவசரம்? போன்ல அதிகாரம் பண்ணுற. பாத்திரமெல்லாம் மண்ணுக்குள்ள. பெட்டியப் பாத்து மழை சொல்றவளுக்கு, என் கோழிக்கு ஒரு வார்த்த சொல்லத் தெரியலையா?"

நான் சுவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் இடுப்பில் மகள் வயிற்றுப் பேரன் உட்கார்ந்து விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். சேலையைப் பிடித்தபடி பெரிய பேத்தி நின்றாள். இரண்டு பேரின் காலிலும் பள்ளிக்கூட மைதானத்துச் செம்மண். ராக்கம்மா மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடியும் முதல் கோழியிலிருந்து தொடங்கினாள். நான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் தேநீர் ஊற்றினேன். அன்று முழுக்கத் திட்டினாலும் கேட்டிருப்பேன்.